ஹெமிஸ் ட்சேசு திருவிழாவுக்கு போறது எப்படி: தேதி பார்க்கறதுலேர்ந்து கடைசி ஆட்டம் வரைக்கும்

லடாக் டூர்னு சொன்னாலே நம்ம ஆளுங்க பாங்காங் ஏரி, நுப்ரா, கர்துங் லான்னு ஒரு லிஸ்ட் போட்டுடுவாங்க, நடுவுல ஹெமிஸ் கோம்பாவுக்கு ஒரு அரை மணி நேரம், திருவிழா நாளா அமைஞ்சா ஒரு ஒரு மணி நேரம், முகமூடி ஆட்டத்தை நாலு போட்டோ எடுத்துட்டு வண்டி ஏறிடுவாங்க. அப்படி போகாதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ஹெமிஸ் ட்சேசு ரெண்டு நாள் திருவிழா, ரெண்டு நாளும் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே இடத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான் அது என்னன்னு பிடிபடும், ஏன்னா அங்க நடக்கறது கலை நிகழ்ச்சி இல்ல, பூஜை. தேரோட்டம் அன்னிக்கு ஒருத்தர் வந்து தேர்ச்சக்கரத்தை மட்டும் பார்த்துட்டு தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள கிளம்பிட்டா அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும், அதே கதைதான்.

நான் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை அவசரத்துல பாதிய விட்டுட்டேன், ரெண்டாவது தடவை முழுசா பார்த்தேன், அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதுதான் இது எல்லாம்.

முதல்ல ஊரும் திருவிழாவும் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

ஹெமிஸ், லே நகரத்துலேர்ந்து தென்கிழக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சிந்து நதிய தாண்டி ஒரு மலை இடுக்குக்குள்ள திரும்பணும், கடைசி வளைவு வர்ற வரைக்கும் அங்க ஒரு கோம்பா இருக்குன்னே தெரியாது, அவ்வளவு உள்ள ஒளிஞ்சிருக்கு. கோம்பான்னா பௌத்த மடம். திபெத்திய பௌத்தத்துல துருக்பா பரம்பரைய சேர்ந்தது இது, 17ஆம் நூற்றாண்டுல தக்சங் ரெபா அப்படிங்கற குரு லடாக் ராஜா செங்கே நம்கியால் ஆதரவோட கட்டினது, லடாக்ல இருக்கற பெரிய மடங்கள்ல ஒண்ணு.

திருவிழா யாருக்குன்னா, பத்மசம்பவருக்கு. லடாக் ஜனங்க குரு ரின்போச்சேன்னு சொல்லுவாங்க. 8ஆம் நூற்றாண்டுல திபெத் ராஜா திரிசோங் தெட்சென் கூப்பிட்டு அங்க போய் பௌத்தத்தை வேரூன்ற வச்சவர்னு சொல்றாங்க, சாம்யே மடம் கட்ட தடையா இருந்த துர்சக்திகளை எல்லாம் அடக்கி தர்மத்துக்கே காவலா மாத்தினார்ங்கறது ஐதீகம். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஆட்டத்துல வர்ற கோர முகம் எல்லாம் ஏன் கோரமா இருக்குன்னு கேள்வி வர்றப்போ இதுதான் பதில். அதெல்லாம் பேய் இல்ல, காவல் தெய்வம். நம்ம ஊர் எல்லைல அருவா தூக்கிட்டு முழிய உருட்டிட்டு நிக்கற அய்யனார் பரிவாரத்தை பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்ல.

தேதி

ட்சேன்னா திதி, சுன்னா பத்து. ட்சேசுன்னா பத்தாம் நாள், அதாவது தசமி! திபெத்திய பஞ்சாங்கத்துல மாசம் அமாவாசைக்கு அடுத்து பொறக்குது, அதனால பத்தாம் நாள்ங்கறது நம்ம வளர்பிறை தசமி. ஹெமிஸ் திருவிழா அவங்க அஞ்சாவது மாசத்துல 10, 11 ரெண்டு நாளும் நடக்கும், அது நம்ம கணக்குல பெரும்பாலும் ஆனி மாசத்துல வந்து விழும். 2023ல ஜூன் 28, 29. 2024ல ஜூன் 16, 17. 2025ல ஜூலை 5, 6. இங்கிலீஷ் தேதிய வச்சு பார்த்தா மூணு வாரம் தாவுற மாதிரி தெரியும், காலண்டர் ஷீட்ல வளர்பிறை தசமிய பார்த்தா சரியா உட்காரும்.

ஆனா அதை மட்டும் நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க. அவங்க பஞ்சாங்கத்துல சில திதி ரெண்டு தடவை வரும், சிலது விட்டே போயிடும், சில வருஷம் ஒரு மாசமே கூடுதலா வரும், அதனால ஒரு நாள் தள்ளிப்போக வாய்ப்பு இருக்கு. லடாக் சுற்றுலாத் துறை ஒவ்வொரு வருஷமும் திருவிழா தேதி லிஸ்ட் வெளியிடுவாங்க, அதை பார்த்துட்டு, தங்கப்போற இடத்துக்கு போன் போட்டும் ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

இன்னொண்ணு. 12 வருஷத்துக்கு ஒரு தடவை, குரங்கு வருஷம் வர்றப்போ, முத்தும் ரத்தினக் கல்லும் வச்சு தைச்ச பத்மசம்பவரோட பெரிய தங்காவ வெளிய எடுத்து சுவர்ல விரிப்பாங்க. தங்கான்னா துணில வரைஞ்சது, இல்ல பட்டுத்துணிய வெட்டி ஒட்டித் தைச்ச தெய்வப் படம். 2004, 2016 நடந்தது, அடுத்தது 2028. கும்பகோணம் மகாமகமும் 12 வருஷக் கணக்குதான், அந்த கூட்டத்தை யோசிச்சு பாருங்க, 2028க்கு போகணும்னா ரூம் எல்லாம் ரொம்ப முன்னாடியே பார்த்து வைக்கணும். சாதாரண வருஷத்துலயும் காலைல ஒரு பெரிய தங்கா விரிப்பாங்க, அதனால இந்த வருஷம் அது இல்லையேன்னு ஏமாற்றமடைய வேண்டாம்.

லடாக்ல மத்த பெரும்பாலான மடத்துத் திருவிழா எல்லாம் குளிர்காலத்துல, வயல் வேலை இல்லாதப்போ வரும். ஸ்பிதுக் குஸ்தோர், மாத்தோ நக்ராங் எல்லாம் தண்ணி உறையற குளிர்ல. ஹெமிஸ் நல்ல கோடைல வர்றதாலதான் நம்மள மாதிரி தெற்கத்தி ஆளுங்களுக்கு முதல் திருவிழாவா இதை சொல்றேன்.

உடம்பை பழக்காம போகாதீங்க, இதுல விளையாட்டே வேண்டாம்

இந்த ஒரு பகுதிய மட்டும் ரெண்டு தடவை படிங்க. ஊட்டில தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். லே நகரம் 3500 மீட்டர். சென்னைல கடல் மட்டத்துல தூங்கி எழுந்து டெல்லி போய் அங்கேர்ந்து காலை பிளைட் ஏறினா ஒண்ணரை மணி நேரத்துல அந்த உயரத்துல இறக்கி விட்டுடுவாங்க, அங்க மூச்சுக்கு கிடைக்கற ஆக்சிஜன் நம்ம ஊர்ல கிடைக்கறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு. ஜிம் போறவர், மாரத்தான் ஓடறவர், இருபது வயசு பையன், யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, யாரை தாக்கும்னு முன்கூட்டி சொல்லவே முடியாது.

என் முதல் பயணத்துல நான் பண்ண தப்பு இதுதான், லீவு கம்மியா இருக்குன்னு திருவிழாவுக்கு முந்தின நாள் காலைல லேல இறங்கினேன், மறுநாள் விடியக்காலைல ஹெமிஸ் கிளம்பிட்டேன். பதினொரு மணி வாக்குல தலை பொளந்துடற மாதிரி வலி, அந்த நீளக் கொம்பு ஒவ்வொரு தடவை முழங்கறப்பவும் மண்டைக்குள்ள அடிக்கற மாதிரி இருந்துச்சு, வாந்தி வேற, கூட்டத்துல ஒரு அண்ணன் கைய பிடிச்சு வெளிய கொண்டு வந்து நிழல்ல உட்கார வச்சார். மத்தியானத்துக்கு மேல நடந்த எதையும் நான் பார்க்கல. அவ்வளவு தூரம் போயும்.

அதனால கணக்கு இப்படி போடுங்க. பிளைட்ல போனா திருவிழாவுக்கு நாலு நாள் முன்னாடி லேல இருக்கணும், ரொம்ப கம்மின்னா மூணு நாள். முதல் நாள் முழுக்க படுக்கை, ரூம்ல நடமாட்டம், தண்ணி, சூப், அவ்வளவுதான், பக்கத்துலதானேன்னு சாந்தி ஸ்தூபி படி ஏற கிளம்பிடாதீங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் மெதுவா லே பஜார் வரைக்கும் நடக்கலாம். மூணாவது நாள் ஷே, திக்சே பக்கம் போய்ட்டு வரலாம், அதுவும் ஹெமிஸ் போற வழிதான். சாராயம், சிகரெட் ரெண்டும் இந்த நாள்ல வேண்டாம். உயர நோய்க்கு குடுக்கற டயமாக்ஸ் மாத்திரை பத்தி ஊர்லயே உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு போங்க, சல்பா மருந்து ஒத்துக்காதவங்க அதை கட்டாயம் அவர்கிட்ட சொல்லணும், பிபி, இதயப் பிரச்சினை, ஆஸ்துமா இருக்கறவங்களும், கர்ப்பமா இருக்கறவங்களும் டாக்டரை பார்க்காம டிக்கெட்டே போடாதீங்க.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராம புரள்றது, இது நிறைய பேருக்கு வரும், ஓய்வெடுத்தா அடங்கும். சும்மா உட்கார்ந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, விடாத இருமல், நடக்கறப்போ தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா காலைல பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடவே கூடாது, அந்த நிமிஷமே லேல இருக்கற சோனம் நோர்பூ ஆஸ்பத்திரிக்கு போகணும். எஸ்என்எம்னு சொன்னா டாக்சிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். உயர நோய் பார்க்கறது அங்க தினசரி வேலை.

ரோடு வழியா போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மணாலி வழிய விட ஸ்ரீநகர், சோனமார்க், கார்கில் வழி உடம்புக்கு நல்லது, உயரம் படிப்படியா கூடும். மணாலி வழில பாராலாச்சா லா, தங்லங் லான்னு கணவாய்கள்ல திடீர் திடீர்னு ஏறும், 5000 மீட்டரையே தாண்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி சில ஏற்பாடு

ப்ரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, வெளி மாநில நம்பர்னா போஸ்ட்பெய்ட் மட்டும்தான் எடுக்கும். இது தெரியாம போய் வீட்டுக்கு போன் பண்ண முடியாம தவிக்கறவங்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கறேன். குடும்பத்துல ஒருத்தர் நம்பரையாவது முன்னாடியே போஸ்ட்பெய்டா மாத்திடுங்க.

கைல ரொக்கம் வச்சுக்கோங்க, லேல ஏடிஎம் உண்டு, ஹெமிஸ் வளாகத்துல நெட்வொர்க்கை நம்ப முடியாது. ஹெமிஸ் போக இன்னர் லைன் பெர்மிட், அதாவது எல்லைப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு, தேவையில்ல. ஆதார் கார்டு மட்டும் கைல இருக்கட்டும்.

துணி விஷயத்துல நிறைய பேர் ஏமாறுவாங்க. ஜூன் ஜூலைல பகல்ல வெயில் சுளீர்னு அடிக்கும், நிழலுக்கு போனா சில்லுனு இருக்கும், காலைல ஆறு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. அதனால ஒண்ணு மேல ஒண்ணா போட்டு கழட்டற மாதிரி துணி. தொப்பி, கூலிங் கிளாஸ், சன்ஸ்க்ரீன் மூணும் கட்டாயம், அந்த உயரத்து வெயில்ல மூக்குத்தண்டு தோல் உரிஞ்சு வந்துடும். உதடு வெடிக்கும், வாசலினோ தேங்காயெண்ணெயோ எடுத்துக்கோங்க. தோளும் முட்டியும் மூடுற உடை, ஆம்பளைங்களும் சேர்த்துத்தான் சொல்றேன், அரை டிராயர்ல கோயிலுக்குள்ள நுழைய மாட்டோம் இல்லையா. அப்புறம் உட்கார ஒரு தடிமனான துண்டோ மடிக்கற பாயோ, தரை கல்லு, நாள் பூரா உட்காரணும், இதோட அருமை மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் தெரியும்.

தண்ணிக்கு ஒரு ஸ்டீல் பாட்டில், லேலயே பல இடத்துல காய்ச்சின தண்ணி பிடிச்சுக்கலாம். ஒவ்வொரு பிளாஸ்டிக் பாட்டிலும் அந்த மலைலயே தங்கிடுது, அதை கீழ கொண்டு வர்ற வசதி அவங்களுக்கு குறைச்சல்.

லேலேர்ந்து ஹெமிஸுக்கு

வழி சோக்லம்சர், ஷே, திக்சே, காரு. காருல மெயின் ரோட்டை விட்டு சிந்துவ தாண்டி மேல ஏறணும், அங்கேர்ந்து ஏழு கிலோமீட்டர் வாக்குல இருக்கும். வழி நெடுக ராணுவ முகாம், அங்க கேமராவ தூக்காதீங்க.

டாக்சி வாடகை லேல யூனியன் வச்சு நிர்ணயம் பண்றாங்க, ரேட் கார்டு காட்டச் சொல்லி கேளுங்க, பேரம் பெருசா எடுபடாது. தனியா போறவங்க தங்கற இடத்துல முந்தின நாள் ராத்திரி கேட்டா சேர்ந்து போற ஆள் கண்டிப்பா கிடைப்பாங்க. லே பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து பஸ்ஸும் உண்டு, கிராமத்து ஜனம் நிறைய பேர் அதுலதான் வருவாங்க, ஆனா திரும்பி வர்ற கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு இறங்கறப்பவே கேட்டுக்கோங்க.

என்னை கேட்டா ஹெமிஸ்லயே ஒரு ராத்திரி தங்கறதுதான் நல்லது. கிராமத்துல வீட்டோட தங்கற அறைகள் கொஞ்சம் இருக்கு, சீசன்ல கூடாரமும் போடுவாங்க. லேயை விட இன்னும் கொஞ்சம் உயரம்ங்கறதால உடம்பு பழகினதுக்கு அப்புறம்தான் இது. அங்க தங்கினா கிடைக்கறது என்னன்னா விடியக்காலை. இன்னும் டூரிஸ்ட் வண்டி வந்திருக்காது, மொட்டைமாடில லாமாக்கள் கொம்பு ஊதுவாங்க, அந்த சத்தம் மலை இடுக்குல மோதி திரும்பி வரும், ஷுக்பான்னு சொல்ற ஜூனிப்பர் தழைய போட்டு புகை விடுவாங்க, சாம்பிராணியும் பச்சை இலையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, அன்னிக்கு பூரா துணில ஒட்டிட்டு இருக்கும்.

லேல தங்கினா காலைல ஆறரைக்கு முன்ன கிளம்பிடுங்க. லேட்டானா காருக்கு மேல வண்டி நகராது.

எங்க உட்காரணும்

நடு முற்றத்துலதான் எல்லாம். ஒரு பக்கம் துகாங், அதாவது பிரார்த்தனை மண்டபம், அதோட படிக்கட்டுலதான் ஆடறவங்க இறங்கி வருவாங்க. நடுவுல உயரமா கொடிமரம், அதுல பிரார்த்தனைத் துணி, அதை சுத்தித்தான் ஆட்டம். வாத்தியக்காரங்க ஓரமா வரிசையா உட்கார்ந்திருப்பாங்க.

மாடில, வராந்தால இடம் பிடிச்சா மொத்த வட்டமும் தெரியும், அந்த இடத்துக்கு தனியா காசு வாங்கறதும் உண்டு, காலைல போனதும் விசாரிச்சுக்கோங்க. நான் தரையத்தான் சொல்லுவேன். படிக்கட்டு தெரியற மாதிரி, வாத்தியக்காரங்களுக்கு பக்கவாட்டுல, உள்ளூர் குடும்பங்களோட கலந்து உட்காருங்க. மடியில பிள்ளை, பிளாஸ்க்ல டீ, துணில கட்டின ரொட்டின்னு வந்து உட்கார்ந்திருப்பாங்க. "ஜூலே"ன்னு கைகூப்பி சொல்லுங்க, வணக்கம், நன்றி, போய்ட்டு வரேன் எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான். பெரியவங்கள கூப்பிடறப்போ லேன்னு சேர்த்தா மரியாதை, பாட்டின்னா அபி-லே, அம்மா வயசுன்னா அமா-லே, தாத்தான்னா மேமே-லே. ஒரு அமா-லே நகர்ந்து இடம் விட்டாங்கன்னா அதை விட நல்ல சீட் அங்க கிடையாது.

ஒண்ணு மட்டும், முதியவங்களுக்கு முன்னாடி போய் நின்னு மறைக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை தரிசனத்துக்கு வந்தவங்க அவங்க.

என்ன பார்க்கறோம்: ஆட்டத்தோட வரிசை

முகமூடி ஆட்டத்துக்கு பேரு சாம். ஆடறவங்க நாட்டியக் கலைஞர்கள் இல்ல, அந்த மடத்து துறவிகள், முன்னாடி பல நாளா தியானம், பூஜை, ஒத்திகைன்னு தயார் ஆகி வர்றவங்க. வேகமா நகராது, ஒரு கால தூக்கி, ஒரு சுத்து, நிதானமா வைப்பாங்க, முதல் அரை மணி நேரம் இவ்வளவுதானான்னு தோணும். பொறுமையா இருங்க. கூத்து, தெய்யம் பார்த்து பழகினவங்களுக்கு தெரியும், அந்த தாளம் நம்ம மூச்சுக்குள்ள வர்றதுக்கு நேரம் பிடிக்கும்.

கண்ணுக்கு முன்ன காதை பழக்குங்க. நீளமா, ஆள் உயரத்தை தாண்டி தரைல முனை தாங்கற செம்புக் கொம்பு, அது துங்சென், வயிறு அதிரும். கியாலிங்னு ஒரு குழல், சீவாளி வச்சு ஊதறது, நம்ம நாதஸ்வரத்தோட ஒண்ணுவிட்ட சகோதரம்னே சொல்லலாம், மூச்சு விடாம மூக்கால காத்து இழுத்துக்கிட்டே ஊதுவாங்க. கைப்பிடி வச்ச பெரிய முரசு, வளைஞ்ச குச்சியால அடிப்பாங்க. ஆனா எல்லாத்தையும் நடத்தறது தாளம், அந்த பெரிய ஜால்ரா. அதை வச்சிருக்கற மூத்த லாமா, உம்ட்சேன்னு பேரு, அவரோட கைய பாருங்க, ஆடறவங்க கால் அவர் கைய கேட்டுத்தான் நகருது.

முதல்ல வர்றது கருப்புத் தொப்பி ஆட்டம். முகமூடி இருக்காது, அகலமான கருப்புத் தொப்பி, தொங்கற பெரிய கைகளோட பட்டு அங்கி. இடத்தை சுத்தப்படுத்தி காவல் போடற ஆட்டம் இது. இதுக்கு பின்னாடி ஒரு கதை சொல்லுவாங்க, அதை தெரிஞ்சுட்டு பார்த்தா அந்த அங்கியோட கை ஏன் அவ்வளவு அகலம்னு புரியும். 9ஆம் நூற்றாண்டுல லங்தர்மான்னு ஒரு திபெத் ராஜா, மடங்களை எல்லாம் ஒடுக்கினவன்னு சொல்றாங்க. ல்ஹாலுங் பல்கி தோர்ஜேங்கற துறவி வெள்ளைக் குதிரைக்கு கரி பூசி கருப்பாக்கி, வெளிய கருப்பும் உள்ள வெள்ளையும் இருக்கற அங்கிய போட்டுட்டு, அந்த அகலக் கைக்குள்ள வில்லையும் அம்பையும் மறைச்சுட்டு ராஜா முன்னாடி ஆடப்போனாராம். ஆடிட்டே அம்பு விட்டார். தப்பிச்சு ஓடி ஆத்துல குதிரைய இறக்கினதும் கரி கரைஞ்சு வெள்ளையாச்சு, அங்கிய திருப்பி போட்டார், தேடி வந்தவங்களுக்கு அடையாளமே தெரியல. கொலை பண்ணினது பாவம்தான், ஆனா அவன் மேல கருணை வச்சு, அவன் இன்னும் பாவம் சேர்க்காம இருக்கவே பண்ணினாருங்கறது அவங்க சொல்ற விளக்கம். அது சரியா தப்பான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

அடுத்து செம்பு முலாம் முகமூடிக்காரங்க வருவாங்க, அப்புறம்தான் நாளோட உயிரே இருக்கு. குருவோட எட்டு வடிவம். துகாங் படில குடை முதல்ல தெரியும், அதுக்கு கீழ பெரிய பொன்னிற முகம், பாதி மூடின கண்ணு, அதுதான் பத்மசம்பவர். கூட சாக்கிய சிங்கே, நிமா ஓட்சேர், சிங்கே த்ராதோக், தோர்ஜே த்ரோலோன்னு ஒவ்வொரு வடிவமா, சிலது சாந்தம், சிலது உக்கிரம். ஒருத்தரேதான் எட்டு பேரும்.

ரெண்டாவது தடவை போனப்போ என் பக்கத்துல ஒரு அபி-லே உட்கார்ந்திருந்தாங்க. வலது கைல சின்ன பிரார்த்தனை உருளை, பிடி தேய்ஞ்சு அவங்க கட்டை விரல் உட்கார்ற இடத்துல பள்ளமே விழுந்திருந்துச்சு. காலைலேர்ந்து அது நிக்கவே இல்ல, பேசறப்போ, டீ குடிக்கறப்போ, பேரனை அதட்டறப்போ கூட சுத்திட்டே இருந்துச்சு. குடை தெரிஞ்ச உடனே நின்னுடுச்சு. உருளைய மடியில வச்சுட்டு, தொப்பிய கழட்டி, ரெண்டு கையும் கூப்பி நெத்தி, தொண்டை, நெஞ்சுன்னு தொட்டு குனிஞ்சாங்க, அந்த முகம் முற்றத்தை சுத்தி எங்க பக்கம் வர்ற வரைக்கும் உதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு. என் கைல கேமரா இருந்துச்சு, எடுக்கல. அப்புறம் அவங்க துணி முடிச்சுலேர்ந்து காய்ஞ்ச ஆப்ரிகாட் நாலு எடுத்து என் கைல திணிச்சாங்க.

மத்தியானத்துக்கு மேல எலும்புக்கூடு வேஷம் வரும், சுடுகாட்டு காவலர்கள், பிள்ளைங்க குதிச்சு சிரிக்கும். நடுநடுவுல கோமாளி வேஷமும் கூட்டத்துக்குள்ள புகுந்து விளையாடும், உங்க தொப்பிய பிடுங்கினா கோச்சுக்காதீங்க, காணிக்கை கேட்டா முடிஞ்சத போடுங்க.

கடைசில வர்றதுதான் முக்கியம், அதைத்தான் டூரிஸ்டுங்க விட்டுட்டு கிளம்பறாங்க. மாவுல பிசைஞ்ச ஒரு சின்ன மனுஷ உருவத்தை கொண்டு வந்து நடுவுல வைப்பாங்க. சுத்தி ஆடி, கத்தியால வெட்டி, துண்டு துண்டா நாலா பக்கமும் எறிவாங்க. முதல் தடவை பார்க்கறவங்களுக்கு கொடூரமா தோணும். அது எதிரி இல்ல, அகங்காரம், நான் என்னுதுங்கற பிடிப்பு, அதைத்தான் வெட்டறது. காலைல இடத்தை சுத்தம் பண்ணினதுலேர்ந்து குரு வந்து இறங்கினது வரைக்கும் எல்லாமே இந்த ஒரு வெட்டுக்காகத்தான். இதை பார்க்காம போறது சூரசம்ஹாரத்துக்கு திருச்செந்தூர் போய்ட்டு வேல் விடறதுக்கு முன்னாடி பஸ் ஏறற மாதிரி.

நடந்துக்க வேண்டிய விதம்

ஸ்தூபி, மந்திரம் செதுக்கின கல்லை அடுக்கின மணிச்சுவர், பிரார்த்தனை உருளை எல்லாத்தையும் பிரதட்சிணமா, வலது கை பக்கம் இருக்கற மாதிரி சுத்துங்க, இது நமக்கு கோயில் பழக்கம்தான். துகாங்குள்ள போறப்போ செருப்பு, தொப்பி ரெண்டும் வெளிய. சன்னிதிய பார்த்தோ லாமாவ பார்த்தோ கால் நீட்டாதீங்க. மந்திரம் ஓதற லாமாக்களுக்கு நடுவுல நடக்க வேண்டாம், ஓரமா சுத்தி போங்க. ரின்போச்சேன்னு சொல்ற மூத்த குருகிட்ட ஆசீர்வாதம் வாங்கற வரிசை இருந்தா கதக்னு ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு லே பஜார்ல கிடைக்கும், ரெண்டு கைலயும் ஏந்தி குனிஞ்சு குடுங்க.

போட்டோ எடுக்கலாம், முற்றத்துல தடையில்ல, ஆனா பிளாஷ் வேண்டாம், ஆடற வட்டத்துக்குள்ள கால் வைக்கவே வேண்டாம். ஆடறவருக்கு அந்த முகமூடிக்குள்ளேர்ந்து ரொம்ப கொஞ்சம்தான் தெரியும், பெரும்பாலும் அதோட வாய் இடுக்கு வழியாத்தான் பார்க்கறார், திடீர்னு குறுக்க ஒருத்தர் வந்தா முட்டி விழுந்துடுவார். டர்க்வாய்ஸ் கல் பதிச்ச பெராக் தலை அலங்காரத்தோட பெண்கள் வருவாங்க, அழகுதான், கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னு தலையசைச்சா விட்டுடுங்க. ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம்.

சாப்பாடு

மடத்துக்கு வெளிய திருவிழாக் கடைகள் வரிசையா இருக்கும். துக்பான்னு நூடுல்ஸ் சூப், மோமோ, கம்பீர்னு ஒரு தடிமனான ரொட்டி. குர்குர் சா, வெண்ணெயும் உப்பும் போட்ட டீ, அதை டீன்னு நினைச்சு குடிக்காதீங்க, ரசம் மாதிரி ஒரு சூப்னு நினைச்சு குடிங்க, பிடிச்சுப்போகும், அந்த வறட்டுக் காத்துல உடம்புக்கும் இதமா இருக்கும். சைவக்காரங்க மோமோ வாங்கறப்போ கேட்டு வாங்குங்க. கூட கொஞ்சம் வேர்க்கடலை உருண்டையோ பேரீச்சையோ பைல போட்டுக்கோங்க, இடத்தை விட்டு எழுந்தா திரும்ப கிடைக்காது, பாத்ரூம் போறதையும் மதிய இடைவேளைக்கு ஒதுக்கி வச்சுக்கோங்க.

ரெண்டாவது நாளும், அதுக்கு மறுநாளும்

ரெண்டாவது நாள் டூரிஸ்ட் கூட்டம் பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும், ஜனங்க இருப்பாங்க. முதல் நாள் எங்க பார்க்கறதுன்னே தெரியாம இருந்த கண்ணுக்கு அன்னிக்கு கால் வைப்பு தெரியும், முத்திரை தெரியும், உம்ட்சே கை எப்போ மாறுதுன்னு தெரியும். ஒரு நாள்தான் முடியும்னா முதல் நாள் போங்க, ஆனா ரெண்டு நாள் ஒதுக்க முடிஞ்சா யோசிக்கவே யோசிக்காதீங்க.

மடத்துல ஒரு மியூசியம் இருக்கு, பழைய தங்கா, செப்புப் படிமம், எல்லாம் நல்லா வச்சிருக்காங்க, அதை திருவிழா கூட்டத்துல பார்க்காதீங்க, மறுநாள் பாருங்க. அன்னிக்கே கோத்சங்குக்கும் நடந்துடுங்க. கோம்பாவுக்கு பின்னால ஏறற பாதை, மெதுவா நடந்தா ஒரு மணி நேரம் சொச்சம். கோத்சங்பாங்கற யோகி ஹெமிஸ் மடம் வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடி, 13ஆம் நூற்றாண்டுல தவம் இருந்த குகை அங்க இருக்கு, இன்னிக்கும் துறவிகள் தனிமைல இருக்கற இடம், அதனால குரலை தாழ்த்திக்கோங்க. பத்து மணிக்குள்ள ஏறி இறங்கிட்டா வெயில் படாது. இறங்கி வர்றப்போ அந்த முற்றத்தை எட்டி பாருங்க, சின்ன லாமாப் பசங்க கூட்டித் தள்ளிட்டு இருப்பாங்க, முகமூடி எல்லாம் உள்ள போயிருக்கும், கொடிமரத்து துணி மட்டும் படபடன்னு அடிச்சுட்டு இருக்கும்.